மெல்ரோய் ஸ்பீக்கிங்

வெள்ளவத்தை
4 ஜூன் 2025

மெல்ரோய்,

நீ என்னை வாட்ஸ்அப், கோல், ஃபேஸ்புக், எல்லாத்திலயும் பிளாக் பண்ணிட்டாய். சரி. அதால கடிதம் எழுதுறன். கடைசியாக் கையால எழுதினது கம்பஸ் சோதினையில. அதுவும் அரைப் பக்கம்தான். எழுத்துக் கோணலா இருந்தா வாசிக்கிறது உன்ட பாடு.

இதைக் கொண்டுவாறது உன்ட தங்கச்சி. டெனிஷா வேலை செய்யிற ஃபாமசிக்கு பனடோல் வாங்குறமாதிரிப் போறன். ரெண்டு நாளில ரெண்டு கார்ட் வாங்கிட்டன், இனித் தலையிடி வந்தாத்தான் சரி. அவ என்னட்ட ஒண்டும் கேக்கேல்லை. அண்ணா ஏன் வீட்டில ஒருத்தரோடயும் கதைக்கிறானில்லை எண்டு மட்டும் கேட்டா. நான் மிச்சக் காசை எண்ணுறமாதிரி நிண்டன்.

அண்டைக்கு என்னை வாய் திறக்க விடாமல் படியால இறங்கிப் போயிட்டாய். இப்ப வாசி.

உங்கட வீட்டில சத்தம், கோலுக்குச் சரிவராது எண்டு நீதான் எங்கட ஃபிளட்டுக்கு வந்தனீ. பத்து மணிக்கு எண்டு சொன்ன இன்டர்வியூக் கோல். ஒம்பதரைக்கு உனக்குத் தொண்டை காஞ்சு போச்சு. சோடா வாங்கப் போறன் எண்டு போனை என்ட மேசையில வச்சிட்டுக் கீழ இறங்கிட்டாய். ஒம்பது அம்பதுக்கு அடிச்சிட்டுது. நான் என்ன செய்யிறது? எடுக்காட்டி அந்தக் கொம்பனி இன்னொருக்கா எடுக்குமா? எடுத்தன். 'மெல்ரோய் ஸ்பீக்கிங்' எண்டன். பிறகு அந்த மிஸ் ஈமெயிலில இருக்கிற முப்பது சொல்லையும் வாசிக்கச் சொன்னா. வாசிச்சன். நீ வந்து கதவில நிண்டதை நான் காணேல்லை.

உனக்கு அந்தக் கோல் சென்டர் வேலை வேணும். நான் ஏழு நிமிஷத்தில எடுத்துத் தந்தனான். இதில எங்க பிழை எண்டு ஒருக்கா எழுது. பிழை எண்டா சொறி. ஆனா எங்க எண்டு எழுது.

சுதன்


கொட்டாஞ்சேனை
8 ஜூன் ஞாயிறு

சுதன்,

பேப்பர் இல்ல. துறைமுக யாட்டில டேலிக் கணக்கு எழுதுற ஷீட்டுக்குப் பின்னால எழுதுறேன். முன்னுக்கு இருக்கிற கொண்டெய்னர் நம்பர் எல்லாம் உனக்குத் தேவையில்ல. நீ ஆறு கிழமை எங்கட யாட்டில வேலை செஞ்சனீ தானே, விளங்கும்.

எங்க பிழை எண்டு கேட்டிருக்கே. சொல்றேன். ரெண்டு சோடாப் போத்தலோட நாலு மாடி ஏறி வந்தேன். உள்ளுக்கு ஒருத்தன் 'மெல்ரோய்' எண்டு சொல்றான். இங்கிலிஷ் மழை மாதிரிப் பொழியுது. எனக்கு ஒரு செக்கன் நல்லாவும் இருந்திச்சு, என்ட பேர் இவ்வளவு வடிவா எண்டு. அந்த மெல்ரோய் பாஸ். கதவில நிண்ட மெல்ரோய் யாரு?

அடுத்த நாள் பாஸ் எண்டு ஈமெயில் வந்த நேரம் போன் டெனிஷாட கையில இருந்திச்சு. அவ கத்தினா. அம்மா அழுதா. அப்பா டீவிய நிப்பாட்டினார், அது கிரிக்கெட் நேரத்திலயும் நடக்காத விஷயம். அம்மா கேக்கு வாங்கி லேன்ல மூணு வீட்டுக்குக் குடுத்திட்டா. நான் எப்பிடிச் சொல்றது?

இப்ப நிலைமை இது. ஜூலை 3 வியாழன் கொள்ளுப்பிட்டி ஒஃபிசுக்கு நேர வரணும். திரும்ப நீளச் சொல்லு வாசிக்கணும். பழைய கோல் ரெக்கோட் பண்ணி இருக்காம். அதைப் போட்டுக் காட்டி 'உங்களோட சேந்து பாப்போம்' எண்டு எழுதி இருக்கு. உன்ட குரலைப் போட்டு என்னோட சேந்து பாப்பாங்க.

அது சரிவராட்டி கட்டார் தான். ஸ்ரான்லி மாமா அங்க ஒரு வெயார்ஹவுசில விசா எடுத்து வச்சிருக்கார். ஜூலை 15க்கு உள்ள போகணும், இல்லாட்டி வேற ஆள் போடுவாங்க. எனக்குப் போக விருப்பமில்ல எண்டு உனக்குத் தெரியும். அப்பாட கால் இப்ப படி இறங்கவே ஏலா. டெனிஷா ஒருத்தி எல்லாத்தையும் பாக்க மாட்டா.

கொம்பனி பழகிறதுக்கு அறுபது சொல்லு அனுப்பி இருக்கு. இன்னொரு ஷீட்டில எழுதி இருக்கேன். எந்த இடத்தில உடைக்கிறது, எந்த இடத்தில அமத்திறது எண்டு போட்டு அனுப்பு. வேற ஒண்ணும் வேணாம். நேர வராத. வொய்ஸ் மெசேஜ் அனுப்பாத. உன்ட குரலை இப்ப எனக்குக் கேக்க ஏலா.

மெல்ரோய்


வெள்ளவத்தை
10 ஜூன்

மெல்ரோய்,

குரல் இல்லாமல் உச்சரிப்புச் சொல்லிக் குடுக்கச் சொல்லுறாய். தண்ணியில்லாமல் நீச்சல். பரவாயில்லை.

முதல் விஷயம், உடைக்கிறது. தாடைக்குக் கீழ கையை வை. சொல்லை ஆறுதலாச் சொல்லு. தாடை எத்தினை தரம் கையில முட்டுதோ அத்தினை துண்டு. 'கான்சல்' ரெண்டு தரம். 'கான்சலேஷன்' நாலு தரம். யாட்டில செய்யாத, பல்லுக்கொதி எண்டு நினைப்பாங்கள்.

ரெண்டாவது, அமத்திறது. நாங்கள் தமிழ்ச் சனம் எல்லாத் துண்டுக்கும் ஒரே அளவு சத்தம் குடுப்பம், அன்னதானத்தில சோறு போடுறமாதிரி. இங்கிலிஷ் அப்பிடி இல்லை. ஒருத்தனுக்கு முழுக்கோழி. மற்றவனெல்லாம் எலும்பு சூப்பவேணும். அந்த ஒருத்தன் ஆர் எண்டு கண்டுபிடிக்கிறதுதான் முழு விளையாட்டு. அவனுக்குக் கறுப்பு வட்டம். எலும்புக்காரருக்கு வெறும் வட்டம்.

கான்சல் ● ○
கான்சலேஷன் ○ ○ ● ○

பாத்தியா? வால் ஒண்டு கொழுவின உடன கோழி இடம் மாறிட்டுது. இன்னொண்டு.

அவெய்லபிள் ○ ● ○ ○
அவெய்லபிலிட்டி ○ ○ ○ ● ○ ○

'பி'யில அமத்து. 'ஷன்', 'இட்டி', 'இக்' எண்டு முடிஞ்சா அதுக்கு முன்னால நிக்கிற துண்டில அமத்து. கண்ணை மூடிக்கொண்டு செய்யலாம். 'நெஸ்', 'மென்ட்', 'ஃபுல்', 'லி' வந்தா ஒண்டும் மாறாது, பழைய இடத்திலயே விடு. 'அன்', 'டிஸ்', 'மிஸ்' எண்டு முன்னுக்கு ஒட்டுறதை அமத்தாத. 'அன்ஃபோச்சுனட்லி' எண்டதில முன்னுக்கு ஒரு ஒட்டு, பின்னுக்கு ஒரு ஒட்டு. ரெண்டையும் கழட்டு. 'ஃபோ'வில அமத்து. திரும்பக் கொழுவு. அவ்வளவுதான்.

சிலதுக்கு நியாயமே இல்லை. 'ப்ரிஃபர்' எண்டா ○ ●. 'ப்ரெஃபரபிள்' எண்டா ● ○ ○ ○. ஏனெண்டு கேக்காத, பாடமாக்கு.

அறுபதுக்கும் வட்டம் போட்டிருக்கிறன். ரெண்டரை மணித்தியாலம் எடுத்தது. கன நாளைக்குப் பிறகு ஒரு வேலையைத் தொடங்கி முடிச்சிருக்கிறன். அம்மா கதவால எட்டிப் பாத்தா, மகன் மேசையில இருந்து எழுதுறான். சத்தமில்லாமல் தேத்தண்ணி வச்சிட்டுப் போனா. திரும்பப் படிக்கத் தொடங்கிட்டன் எண்டு நினைச்சிருப்பா. பாவம். அப்பா லிஃப்டில ஆரைக் கண்டாலும் 'சுதன் கம்பஸ் மிச்சத்தை ஒன்லைனில செய்யிறான்' எண்டு சொல்லுறார். நான் பக்கத்தில நிண்டாலும் சொல்லுறார். ரிட்டையராகிற வரைக்கும் பாங்கில ஒரு பொய்க் கையெழுத்தும் போடாத மனுசன்.

சுதன்


கொட்டாஞ்சேனை
15 ஜூன்

சுதன்,

உன்ட வட்டம் வந்திச்சு. ஹெல்மெட்டுக்கு உள்ளுக்கு மடிச்சு வச்சிருக்கேன். லொறி வாற இடைவெளியில எடுத்துப் பாக்கிறது. இந்த வெயில்ல மண்டை தனியா காயுது, அதுக்குள்ள அறுபது சொல்லு வேற.

எனக்குக் கோழி எல்லாம் விளங்கல்ல. நான் வேற மாதிரி வச்சிக்கிட்டேன். 'அன்', 'டிஸ்', 'மிஸ்' எல்லாம் கேட்டில நிக்கிற செக்யூரிட்டி. முன்னுக்கு நிப்பான், சுமை தூக்க மாட்டான். 'நெஸ்', 'மென்ட்', 'லி' எல்லாம் வெறும் டிரெய்லர். பின்னால எத்தின கொழுவினாலும் சுமை இருந்த இடத்தில இருக்கும். 'ஷன்', 'இட்டி', 'இக்' மூணும் சுப்பவைசர். வந்த உடனே சுமையத் தூக்கி தனக்கு முன்னால நிக்கிறவன்ட தலையில வைக்கும். எங்கட சவுந்தரநாயகம் சுப்பவைசர நினைச்சா மறக்கவே ஏலா.

அவரே நேத்துப் பிடிச்சிட்டார். கொண்டெய்னர் சீல் பாக்கிற நேரம் நான் 'டிஸ்-சாட்டிஸ்-ஃபாக்-ஷன்' எண்டு சொல்லிச் சொல்லி நடந்திருக்கேன். யாரோட டிஸ்ஸட்டிஸ்ஃபெக்ஷன் எண்டு கேட்டார். பொடியன்மார் இப்ப என்னை 'இங்கிலிஷ் மஹத்தயா', இங்கிலிஷ் துரை எண்டு தான் கூப்பிடுறது. டீ குடிக்க வாறதுக்கும் அப்பொயின்ட்மென்ட் வேணுமா எண்டு கேக்கிறாங்க.

வெள்ளிக்கிழமை அந்தோனியார் திருநாள். கொச்சிக்கடைக் கோயில்ல நிக்க இடமில்ல. அம்மா எனக்காக மெழுகுதிரி வச்சா, வேலை நல்லபடியா அமையணும் எண்டு. பக்கத்தில நிண்டு நானும் வச்சேன். என்ன கேக்கிறது எண்டு தெரியல்ல. பொய் நிக்கணும் எண்டு புனிதர்ட்ட கேக்க ஏலுமா? ஒண்ணும் கேக்காம வந்திட்டேன்.

டெனிஷா ராவுச் சாப்பாட்டுக்கு முன்னால என்னைச் சோதிக்கிறா. அறுபதில முப்பத்தெட்டு. அவளுக்கு விஷயம் சொல்லிட்டேன். ஒரு நாள் முழுக்க என்னோட பேசல்ல. அடுத்த நாள் தானே வந்து பேப்பரைப் பறிச்சு, வாசி எண்டா.

உன்னட்ட ஒண்ணு கேக்கணும். கோவிக்காத, கோவிச்சாலும் பரவாயில்ல. என்ட பேரைச் சொல்லி ஒரு டெஸ்டுக்கு இருந்தியே. உன்ட பேர்ல இருந்த சோதனைக்கு ஏன் போகாம விட்டே?

மெல்ரோய்


வெள்ளவத்தை
19 ஜூன்

மெல்ரோய்,

மூண்டு நாள் பதில் எழுதேல்லை. கோவம்தான். பிறகு கோவிக்கவும் அலுப்பாப் போச்சு.

கேட்டாய், சொல்லுறன். கம்பஸில கணக்குப் பேப்பர் ஒண்டு ரெண்டு தரம் ஃபெயில். மூண்டாம் தரம் வீட்டில இருந்து வெளிக்கிட்டனான். அம்மா கோயில் திருநீறு பூசி விட்டா. கம்பஸ் கேட் வரைக்கும் போனனான். உள்ள என்னைவிட ஒரு வருஷம் இளசுகள் நிண்டு நோட்ஸ் புரட்டுதுகள். அதுகளோட போய் இருக்க ஏலேல்லை. அப்பிடியே திரும்பி ரெயில் ஏறி கல்கிசையில இறங்கிக் கடலடியில இருந்தன். மூண்டு மணிக்குப் பேப்பர் முடியும், அதுவரைக்கும் இருந்தன். வீட்டை வந்து நல்லாச் செய்தனான் எண்டன். ரிசல்ட் வந்த அண்டைக்குத்தான் அவைக்குத் தெரியும். அதுக்குப் பிறகு யாட்டில ஆறு கிழமை, ஒரு பிரிண்டிங் கடையில ஒரு மாசம், பிறகு ஒண்டுமில்லை. வேற கதை கிடையாது. ஃபெயிலாகப் பயந்தவன். அப்சென்ட் எண்டு வந்தா ஃபெயில் எண்டு இல்லைத்தானே.

இன்னொண்டும் சொல்லோணும். முதல் கடிதத்தில பொய் எழுதினனான்.

நீ வந்ததை நான் கண்டனான். போன் அடிக்க எடுத்துக்கொண்டு பல்கனிக்குப் போனனான், அங்கதான் சிக்னல். நீ காலி வீதிப் பக்கத்தில இருந்து ரெண்டு போத்தலோட வாறாய். லேனுக்குள்ள வந்திட்டாய். 'ஒரு நிமிஷம் பொறுங்கோ மிஸ்' எண்டு சொல்லியிருக்கலாம். மூண்டு சொல்லு வாசிச்சு முடிய முதலே அவ 'எக்ஸலண்ட்' எண்டா. மெல்ரோய், மூண்டு வருஷமா எனக்கு ஒருத்தரும் அப்பிடிச் சொல்லேல்லை. நிப்பாட்ட மனம் வரேல்லை. உனக்காக எண்டு எனக்கே சொல்லிக்கொண்டு முப்பதையும் வாசிச்சன். முப்பதும் எனக்காகத்தான்.

இப்ப நடக்கவேண்டியதைப் பாப்பம். ஒரு வழி இருக்கு. அண்டைக்குத் தடிமன், மூக்கடைப்பு எண்டு சொல்லு. தடிமனில குரல் வேறமாதிரி இருந்தது, வீட்டில போன் லைனும் சரியில்லை எண்டு சொல்லு. முப்பதும் சரியா வந்தா குரலை ஆரும் நோண்ட மாட்டினம். நான் கொஞ்சம் கெதியா வாசிச்சனான், நீயும் கெதியா வாசி. சொல்லு முடியிற இடத்தில குரலை இறக்கு. 'யெஸ் மிஸ்' எண்டு சொல்லேல்லை, 'ஷுவர்' எண்டனான். நீயும் 'ஷுவர்' எண்டு சொல்லு.

சுதன்


கொட்டாஞ்சேனை
26 ஜூன்

சுதன்,

நீ எழுதினதை ரெண்டு தரம் வாசிச்சேன். டெனிஷாவுக்குக் காட்டல்ல.

ஏசலாம் எண்டு பேனாவை எடுத்தேன். ஏசுறதுக்கும் தெம்பு வேணும். இந்தக் கிழமை முழுக்க ஓவர்டைம், ரெண்டு கப்பல் சேந்து வந்திருக்கு. சட்டையைக் கழட்டின உடனே படுத்திடுறேன்.

தடிமல் கதையத் தான் சொல்லப்போறேன். வேற வழி இல்ல. அம்மா போன ஞாயிறு தைக்கக் குடுத்து எனக்கு ஒரு நீலச் சேட் கொண்டு வந்திட்டா, ஒஃபிசுக்குப் போட. அப்பா எந்த பஸ்ல போறது, எங்க இறங்குறது எண்டு தினம் ஒரு தரம் சொல்றார். கொள்ளுப்பிட்டி எனக்குத் தெரியாத மாதிரி. இந்த வீட்டில நாலு பேர்ல ரெண்டு பேர் சந்தோஷமா இருக்காங்க. அதை நான் உடைக்க மாட்டேன்.

'ஷுவர்' எண்டு சொல்லிப் பழகினேன். டெனிஷா சிரிச்சு விழுந்திட்டா. ஹோட்டல்ல வெயிட்டர் மாதிரி இருக்காம்.

இப்ப அறுபதில அம்பத்தொண்ணு. 'மிஸ்அண்டஸ்டாண்டிங்' தான் இன்னும் வழுக்குது. செக்யூரிட்டி ரெண்டு பேர் நிக்கிறாங்க அதில.

மெல்ரோய்


வெள்ளவத்தை
1 ஜூலை

மெல்ரோய்,

'மிஸ்அண்டஸ்டாண்டிங்': ○ ○ ○ ● ○. 'ஸ்டாண்ட்' தான் கோழி, மற்ற எல்லாம் எலும்பு. முதல் மூண்டையும் ஒரு மூச்சில தள்ளிவிடு.

வாசிக்க முதல் தண்ணி குடி. பிழைச்சா நிக்காத, அடுத்ததுக்குப் போ. நான் இல்லாட்டியும் நீ செய்வாய் எண்டு எழுத ஆசை. ஆனா உனக்குப் பொய் எழுதினது காணும். பயமாத்தான் இருக்கு. என்னைவிட நீ கெட்டிக்காரன் எண்டு நான் ஒரு நாளும் நினைக்கேல்லை, அதுதான் உண்மை. உன்னட்டை ஒரு விடாப்பிடி இருக்கு, அது என்னட்டை இல்லை. அதை நம்பிறன்.

சுதன்


கொட்டாஞ்சேனை
4 ஜூலை

சுதன்,

முடிஞ்சு போச்சு. வேலை இல்ல.

நடந்ததைச் சொல்றேன், நீ கற்பனை பண்ணிக்கிட்டு இருப்பே. மேல ஒரு சின்ன ரூம். ஏசி பல்லு கிடுகிடுக்கும். அந்தக் கோல்ல பேசின மிஸ் தான், நளீபா எண்டு பேர். என்ட அம்மாட வயசு இருக்கும். நல்ல மனுசி. முதல் என்னை வாசிக்க வச்சா. புது முப்பது சொல்லு. வாசிச்சேன். அவ எதையோ எழுதிக்கிட்டே இருந்தா, முகத்தில ஒண்ணும் தெரியல்ல. பிறகு லப்டொப்பைத் திருப்பி ரெக்கோடைப் போட்டா.

'மெல்ரோய் ஸ்பீக்கிங்.'

நான் ரெடியாத்தான் போனேன். தடிமல், லைன், எல்லாம் பாடமாக்கித்தான் போனேன். நாலு சொல்லு ஓடிச்சு. அஞ்சாவதில அவ நிப்பாட்டினா. அது வரைக்கும் இங்கிலிஷ்ல பேசினவ, இப்ப தமிழ்ல கேட்டா.

"தம்பி, இது நீங்களா?"

இங்கிலிஷ்ல கேட்டிருந்தா சொல்லி இருப்பேன் சுதன். தடிமல் கதை இங்கிலிஷ்ல தான் பழகினது. தமிழ்ல அந்தப் பொய் வரல்ல.

"இல்ல மிஸ். அது என்ட கூட்டாளி."

அவ லப்டொப்பை மூடினா. ஏசல்ல. யாரு எண்டு கேட்டா, பேரை நான் சொல்லல்ல. எங்கட வேலையே குரல் தான் தம்பி, முகம் தெரியாத சனம் உங்கட குரலை நம்பி கார்ட் நம்பர் சொல்லும், முதல் நாளே வேற குரல்ல வந்தவரை நான் எப்பிடி அந்தக் கதிரையில இருத்திறது எண்டு கேட்டா. சரியான கேள்வி. வாசல் வரைக்கும் வந்து வழி அனுப்பினா.

பஸ் எடுக்கல்ல. காலி முகத்திடல் வரைக்கும் நடந்து, அங்க இருந்து கோட்டை, அங்க இருந்து வீடு. நீலச் சேட் முழுக்க வேர்வை. வீட்டில 'லெட்டர் தபால்ல வரும்' எண்டு சொல்லி இருக்கேன். ஸ்ரான்லி மாமாவுக்கு டிக்கட் போடச் சொல்லி மெசேஜ் போட்டிட்டேன். 15ஆம் தேதி. ரெண்டையும் எப்பிடி ஒரே வீட்டில சொல்றது எண்டு தெரியல்ல.

நீ ஒண்ணும் செய்யாத.

மெல்ரோய்


வெள்ளவத்தை
9 ஜூலை

மெல்ரோய்,

ஒண்டும் செய்யாத எண்டாய். செய்திட்டன். ஏசு.

திங்கக்கிழமை அந்த ஒஃபிசுக்குப் போனன். ரெண்டு மணித்தியாலம் கீழ இருத்தி வச்சாங்கள். செக்யூரிட்டிக்காரன் மூண்டு தரம் வந்து தம்பிக்கு என்ன வேணும் எண்டு சிங்களத்தில கேட்டான். ஒரு பிழை சொல்ல வந்தனான் எண்டன். கொம்ப்ளெயின் பண்ண வந்திருக்கிறன் எண்டு நினைச்சு வேற ஒரு ஃபோம் தந்தான். கடைசியா நளீபா மிஸ் இறங்கி வந்தா. நான் 'குட் மோனிங் மிஸ்' எண்ட உடனயே அவவுக்கு விளங்கிட்டுது.

எல்லாம் சொன்னன். மெல்ரோய்க்குத் தெரியாது, அவன் கடைக்குப் போயிருந்தான், திரும்பி வாறதைக் கண்டுகொண்டே நான்தான் கதைச்சனான் எண்டு. எழுதித் தரச் சொன்னா. எழுதினன், முழுப்பேர் சிவபாதசுந்தரம் உமாசுதன், அடையாள அட்டை நம்பரும் போட்டு ஒப்பம் வச்சன். வாசிச்சுப் பாத்திட்டு, இது ஃபைலில இருக்கும், ஆனா முடிவு மாறாது எண்டா. அண்டைக்கே சொல்லியிருந்தா வேறயாம். அடுத்த நாள் ஒரு ஈமெயில் போட்டிருந்தாக் காணுமாம். அஞ்சு கிழமை ரெண்டு பேரும் என்ன செய்துகொண்டிருந்தனீங்கள் எண்டு கேட்டா. வட்டம் போட்டுக்கொண்டிருந்தனாங்கள் எண்டு சொல்ல வெக்கமாக் கிடந்தது.

எனக்கு அந்த வேலை வேணுமா எண்டு அவ கேக்கேல்லை. கேப்பா எண்டு உள்ளுக்க ஒரு சின்ன நினைப்பு இருந்தது, அதையும் எழுதிவிடுறன்.

அங்க இருந்து உங்கட வீட்டுக்குப் போனன். நீ யாட்டில எண்டு தெரிஞ்சுதான் போனனான். உன்ட அம்மா கதவைத் திறந்து, வாங்க தம்பி, மெல்ரோய் இல்லையே எண்டா. இருந்து எல்லாத்தையும் சொன்னன். உன்ட அப்பா டீவியை நிப்பாட்டினார். பக்கத்து வீட்டு ஆரோ இறைச்சி பொரிக்கிற மணம் வந்துகொண்டிருந்தது. அன்ரி எழும்பிப் போய் பிளேன்டீ ஊத்திக்கொண்டு வந்து என்ட கையில தந்தா. அதை வாங்கினதுதான் கஷ்டம்.

"அவன் சிரிக்காம கேக்கு வெட்டினப்பவே எனக்குத் தெரிஞ்சிருக்கணும் தம்பி."

இவ்வளவுதான் சொன்னா. அங்கிள், கட்டாரில இப்ப எத்தினை டிகிரி வெயில் எண்டு கேட்டார். எனக்குத் தெரியாது எண்டன். ஃபோனில பாத்துச் சொல்லியிருக்கலாம். தோணேல்லை.

இனி நீ வீட்டில ரெண்டையும் சொல்லத் தேவையில்லை. டிக்கட்டை மட்டும் சொன்னாக் காணும்.

நான் செய்ததில உனக்கு ஒண்டும் திரும்பி வரேல்லை. அது தெரியும். போக முதல் ஒருக்காச் சந்திப்பமா?

சுதன்


கொட்டாஞ்சேனை
14 ஜூலை

சுதன்,

உன்னை வரச் சொல்லல்ல, காரணம் கோவம் இல்ல. வீட்டில ஆள் நிறைஞ்சு கிடக்கு. பேக் கட்டுறோம். அம்மா கருவாடு வைக்கிறா, நான் எடுக்கிறேன், திரும்ப வைக்கிறா. விடியக் காலமை நாலு மணிக்கு வேன் வருது.

நீ வீட்டுக்கு வந்து சொன்னது நல்லம். அண்டைக்கு யாட்டில இருந்து வந்தேன், அம்மா ஒண்ணும் கேக்காம சோறு போட்டா. பாதிச் சாப்பாட்டில, எத்தினாம் தேதி ஃபிளைட் எண்டு கேட்டா. சொன்னேன். அவ்வளவு தான். எனக்கு அரை மணித்தியாலம் அழ வேண்டி இருந்ததை நீ மிச்சம் பிடிச்சுத் தந்திருக்கே. தேங்க்ஸ்.

உனக்கு ஒரு விஷயத்தை எழுதாம விட்டேன். எழுதாமலே போகலாம் எண்டு தான் இருந்தேன். ஆனா நீ எனக்கு உள்ளதை எழுதினே, பல்கனிக் கதை, அந்தச் சின்ன நினைப்பு எல்லாம். நான் மட்டும் ஒளிச்சிட்டுப் போறது சரியில்ல.

நளீபா மிஸ் ரெக்கோடைப் போட முதல் எனக்குப் புள்ளி போட்டு முடிச்சிட்டா. வாசல்ல விடுற நேரம் அந்த ஷீட்டைக் காட்டினா. முப்பதில இருபத்தேழு. பாஸ் எடுக்க இருபத்திநாலு காணும். அது நான் வாசிச்சது. யாட்டில பழகின சத்தம் எல்லாம் அதில இருக்கு, 'ஷுவர்' எண்டு ஒருக்காலும் சொல்லல்ல, எல்லாத்துக்கும் 'யெஸ் மிஸ்' தான். அதுக்குத் தான் இருபத்தேழு. ஷீட்டைக் கேட்டேன், தர ஏலாது எண்டா.

மே மாசம் நானே அந்தக் கோலை எடுத்திருந்தா ஃபெயில் தான். அது எனக்கு நல்லாத் தெரியும். தொண்டை காஞ்சு, பத்துச் சொல்லும் வந்திருக்காது. ஆனா கொம்பனி ஃபோமில கீழ சின்ன எழுத்தில ஒரு வரி இருந்திச்சு. நீயும் வாசிச்சிருப்பே, நீதானே அதை நிரப்பித் தந்தே. ஃபெயிலானவங்க மூணு மாசத்தில திரும்ப வரலாம் எண்டு. மே, ஜூன், ஜூலை, ஆகஸ்ட். மாமாட்ட, இந்த விசா போனாப் போகட்டும், இன்னும் கொஞ்சம் பொறுங்க எண்டு கேட்டிருப்பேன். கேக்கிற மாதிரிக் கேட்டா அவர் பொறுப்பார். இவ்வளவையும் படிச்சுக்கொண்டு ஆகஸ்டில என்ட குரல்லயே போயிருப்பேன்.

பொய்யோட போனவனுக்குத் திரும்ப வர வழி இல்ல. ஃபெயிலானவனுக்கு இருந்திச்சு.

நீ ஃபெயிலாகப் பயந்தே எண்டு எழுதி இருந்தே. அது உன்ட பயம். அதை எனக்காகவும் நீ பயந்திட்டே.

என்னை ஃபெயிலாக விட்டிருக்கலாம் மச்சான்.

மெல்ரோய்